ஏணியா, மரமா? – பத்தாம் வகுப்பிலிருந்து டார்வின் வெளியேற்றப்பட்டது குறித்து

(டார்வின் பிறந்தநாளான பிப்ரவரி 12 அன்று வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் மேடையில் விட்டுப்போன சில தகவல்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

 

கையில் ஒரு கல்லோடு வந்திருக்கிறேன். முன் வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பாருங்கள், அப்படியே பின்னால் கொடுத்துவிடுங்கள். எல்லோரும் தொடலாம். ஏன் இதைச் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

எங்கள் ஊர் அரியலூர் பக்கம். அப்பா சுண்ணாம்புக்கல் மைன்ஸில் கூலி வேலை பார்த்தார். சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டும் அந்தச் சுண்ணாம்புக்கல் முழுக்கச் சிப்பிதான். கல்லான சிப்பி, கல்லான நத்தை, ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல். சின்ன வயதில் எங்களுக்குக் கோலிக்குண்டு வாங்கக் காசு கிடையாது. இந்தக் கற்களை வைத்துத்தான் விளையாடுவோம். கடலே இல்லாத ஊரில் சிப்பி எப்படி வந்தது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பத்து கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அந்த இடமே கடல் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. நாங்கள் பள்ளியில் சுற்றுலா என்று போனதெல்லாம் கோயில்களுக்குத்தான். பக்கத்திலிருந்த கல்மரத்துக்கு ஒருமுறைகூட அழைத்துப்போகவில்லை.

நீங்கள் கையில் வைத்திருப்பது அம்மோனைட். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். டைனோசர்கள் அழிந்தபோது இதுவும் அழிந்துபோனது.

போன கோடை விடுமுறையில் அக்கா மகள் வந்திருந்தாள். சென்னையில் ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்தாம் வகுப்பு. இந்தக் கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது என் ஃப்ரெண்ட் வீட்டு சாமி ரூம்ல இருக்கு. தொட விட மாட்டாங்க" என்றாள். எனக்குச் சட்டென்று புரியவில்லை. யார் தொட விடவில்லை என்று கேட்டேன். "அவங்க பாட்டி. பாட்டியே தொட மாட்டாங்களாம். தாத்தா மட்டும்தான் குளிச்சிட்டு எடுப்பாராம்" என்றாள்.

சாலிக்கிராமம். நேபாளத்தில் கண்டகி ஆற்றுப் படுகையில் கிடைக்கும் கறுப்புக் கல். உள்ளே சக்கரம் போன்ற சுருள் இருக்கும். அதை விஷ்ணுவின் சக்கரம் என்று சொல்லி வைணவ வீடுகளில் வழிபடுகிறார்கள். அதுவும் அம்மோனைட்தான். இமயமலை எழும்புவதற்கு முன்னால் அங்கே இருந்த கடலில் வாழ்ந்து செத்த உயிர். பெண்களும் சூத்திரர்களும் அதைத் தொடக்கூடாது என்று விதித்த சாத்திரங்கள் உண்டு. நம்மைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பரிணாமத்துக்கு இந்த மண் வைத்திருக்கும் கண்கூடான சாட்சிகளில் ஒன்று பூஜை அறையில் உட்கார்ந்திருக்கிறது; அதற்கும் தீட்டு உண்டு.

சரி, இது என்ன கல் என்று உன் பாடப் புத்தகத்திலேயே இருக்குமே என்று அவளுடைய அறிவியல் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். இல்லை.

முன்பு என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒன்பதாவது பாடத்தின் தலைப்பு 'மரபுவழியும் பரிணாமமும்'. இப்போது 'மரபுவழி' மட்டும். 2022இல் அறிவிக்கப்பட்ட பாடக் குறைப்பில் பரிணாமம் போனது, புதைபடிவங்கள் போயின, மனிதப் பரிணாமம் போனது, டார்வினைப் பற்றிய பெட்டிச் செய்திகூடப் போனது. கொரோனா காலத்தில் மாணவர்களின் சுமையைக் குறைப்பதற்காக என்றார்கள். கொரோனா போய்விட்டது. டார்வின் திரும்பவில்லை. 2023 ஏப்ரலில் 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புக் கடிதம் வெளியிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது, இது தேவையில்லாத சர்ச்சை என்று ஒன்றியக் கல்வி அமைச்சர் பதில் சொன்னார்.

பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பது உண்மைதான். உயிரியல் எடுத்தவர்களுக்கு இருக்கிறது. கணினி, வணிகவியல், கலைப் பிரிவு எடுத்தவர்களுக்கு இல்லை. பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ. போகிறவனுக்கு இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறவளுக்கு இல்லை. அப்படி நிறுத்துகிறவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று இந்தக் கூட்டத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் கடைசி அறிவியல் பாடம் பத்தாம் வகுப்பில்தான் இருக்கிறது. மனிதன் எப்படி வந்தான் என்பது அங்கே இல்லையென்றால் பெரும்பாலோருக்கு எங்குமே இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இதே குறைப்பில் தனிம வரிசை அட்டவணைப் பாடத்தையும் நீக்கினார்கள். அதற்கும் சனாதனத்துக்கும் என்ன பகை? யார் மனதில் என்ன இருந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை. ஆனால் இதே கத்தரிக்கோல் ஆறாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் எங்கே போனது என்று பாருங்கள். வருணம் பற்றிய பகுதி பாதியானது. வருணம் பிறப்பால் வருகிறது என்பதும், சிலரைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கினார்கள் என்பதும், வருணத்தை மறுத்தவர்களும் இருந்தார்கள் என்பதும் வெட்டுப்பட்ட வரிகளில் உண்டு. ஒரு புத்தகத்தில் மனிதர்கள் எல்லோரும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவர்கள் என்பது போகிறது. இன்னொன்றில் மனிதர்களைப் பிறப்பால் பிரித்து வைத்திருந்தார்கள் என்பது போகிறது. நோக்கம் என்னவாகவும் இருக்கட்டும், பிள்ளையின் பைக்குள் போய்ச் சேருவது இதுதான்.

நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "படைப்புவாதம் அமெரிக்கக்காரன் பிரச்சினை தோழர். நம்ம ஊரில் உலகம் ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால் படைக்கப்பட்டது என்று யார் சண்டை போடுகிறார்கள்?"

அமெரிக்காவில் அது பெரிய சண்டைதான். 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மீது பரிணாமம் கற்பித்ததற்காக வழக்கு நடந்தது. நூறு டாலர் அபராதம். அந்தச் சட்டம் 1967 வரை நீடித்தது. பிறகு நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக வாசலை அடைக்க அடைக்க, படைப்புவாதம் சட்டை மாற்றிக்கொண்டது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் இது சிரிப்பாய்ச் சிரித்தது. 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று புதுப்பெயர் சூட்டி, இது மதம் அல்ல, அறிவியல் என்றார்கள். அவர்கள் பரிந்துரைத்த புத்தகத்தின் பழைய வரைவுகளை வரவழைத்துப் பார்த்தால், 1987 தீர்ப்புக்கு முன் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடத்திலெல்லாம் பின்னால் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் சரியாக அழிக்காமல் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. புதைபடிவ ஆய்வாளர்கள் தேடும் இடைநிலை உயிரினம் போல இதுவும் ஓர் இடைநிலைச் சொல். நீதிபதி ஜோன்ஸ் குடியரசுக் கட்சி ஜனாதிபதி புஷ் நியமித்தவர். அவரே இது அறிவியல் அல்ல என்று தீர்ப்பெழுதினார்.

நம் ஊர்ப் படைப்புவாதம் இப்படிக் கோர்ட்டுக்கு வந்து மாட்டிக்கொள்ளாது. அதற்கு உலகத்தின் வயது ஒரு பிரச்சினையே இல்லை. யுகம், கல்பம் என்று கோடிக்கணக்கில் கையில் வைத்திருக்கிறது. எனவே அது வேறு வேலை செய்கிறது. மறுக்கும், இல்லையென்றால் விழுங்கும்.

மறுத்ததற்கு உதாரணம் 2018 ஜனவரி. உயர்கல்விக்குப் பொறுப்பான ஒன்றிய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து கண்டனம் தெரிவித்தன. விழுங்கியதற்கு உதாரணம் அடுத்த ஆண்டே வந்தது. 2019 ஜனவரியில் ஜலந்தர் அருகே நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், டார்வினைவிடத் தசாவதாரம் மேலான கோட்பாடு என்றார். மீன், ஆமை, பன்றி, பாதி மிருகம் பாதி மனிதன், குள்ளன், முழு மனிதன். கேட்பதற்கு வரிசையாகத்தான் இருக்கிறது.

இந்த ஒப்பீடு ஏதோ பழைய ரிஷி சொன்னதென்று நினைக்காதீர்கள். பிளாவட்ஸ்கி அம்மையார் 1877இல் வெளியிட்ட நூலிலேயே இருக்கிறது. பின்னால் அடையாறில் தலைமையகம் அமைத்த அதே பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். டார்வின் புத்தகம் வந்தது 1859இல். அது வந்த பிறகுதான் மச்சாவதாரத்துக்குள் பரிணாமம் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது! அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1873இல், மகாத்மா ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' எழுதிவிட்டார். அவரும் அவதாரங்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறார். அவர் வாசிப்பில் அவை உயிர்களின் வளர்ச்சி அல்ல, படையெடுப்புகளின் வரிசை. மீனாகவும் ஆமையாகவும் பன்றியாகவும் சொல்லப்பட்டவர்கள் இந்த மண்ணின் மக்களை வென்று அடக்கிய ஆரியத் தலைவர்கள். வாமனன் தலையில் கால் வைத்து அழுத்திய பலி ராஜா நம் ராஜா. வரலாறாக அதை ஒவ்வொரு வரியும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கதை யாருடைய தலைமேல் நிற்கிறது என்று கேட்டாரே, அந்தக் கேள்வியைத் துணைவேந்தர் கேட்கவில்லை. அதே நூலில் புலே பிரம்மாவின் வாயிலிருந்து பார்ப்பனர் பிறந்தார்கள் என்ற கதையை எடுத்து, அப்படியானால் அந்த வாய்க்கு மாதவிடாய் உண்டா, தீட்டுக்கு எத்தனை நாள் ஒதுங்கி உட்கார்ந்தார் என்கிற ரீதியில் கேட்கிறார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால் ஒரு சூத்திரர் கேட்ட உயிரியல் கேள்வி அது.

ஆக, நம் ஊர்ப் படைப்புவாதம் புருஷ சூக்தம்தான். ரிக் வேதம் பத்தாம் மண்டலம். வாயிலிருந்து பார்ப்பனர், தோளிலிருந்து சத்திரியர், தொடையிலிருந்து வைசியர், காலிலிருந்து சூத்திரர். 1946இல் வந்த 'சூத்திரர்கள் யார்?' நூலில் அண்ணல் அம்பேத்கர் இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். மற்ற மக்களின் படைப்புக் கதைகள் மனிதன் எப்படித் தோன்றினான் என்று சொல்கின்றன, இதுவோ வகுப்புகள் எப்படித் தோன்றின என்று சொல்கிறது, சொல்வதோடு நில்லாமல் அதையே இலட்சியமாகவும் ஆக்குகிறது என்பது அவர் வாதம். மனு இதன்மேல் கட்டடம் கட்டினார். நான்கு வருணம், ஐந்தாவது என்று ஒன்று இல்லை என்றார். பஞ்சமர் என்று நம்மை அழைத்தவர்களின் படைப்புக் கதையில் நமக்குக் காலடியில்கூட இடம் இல்லை. நாம் படைக்கப்படவே இல்லை!

இங்கே என் அம்மாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஞாயிறுதோறும் எங்கள் காலனியில் ஓலைக்கொட்டகை ஜெபவீட்டுக்குப் போவார். எழுதப் படிக்கத் தெரியாது. "எல்லாரும் ஆதாம் புள்ளைங்கதான்டா. மேலத்தெருக்காரனுக்கு மட்டும் வேற ஆதாமா?" என்பார். கல்லூரியில் பகுத்தறிவு பேசக் கற்றுக்கொண்ட புதிதில் நான் அவரிடம் ஆதாமும் கிடையாது ஏவாளும் கிடையாது என்று வாதம் செய்திருக்கிறேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னது அறிவியல் அல்ல. ஆனால் காலிலிருந்துகூடப் பிறக்காதவள் என்று ஊர் சொன்ன ஒருத்திக்கு, நீயும் அவனும் ஒரே வயிறு என்று சொன்ன முதல் கதை அது. கதைகள் எல்லாம் ஒன்றல்ல. அவரிடமிருந்து அந்தக் கதையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு எதையும் கொடுக்காமல் போவது பகுத்தறிவு ஆகாது. கொடுப்பதற்கு நம்மிடம் இருப்பது டார்வின்தான். அவரும் அதையேதான் சொல்கிறார், இன்னும் அகலமாக: ஆதாம் பிள்ளைகள் மட்டுமல்ல அம்மாச்சி, அந்த ஆடும் நமக்குச் சொந்தம்.

"யாரும் பார்க்கவில்லையே" என்ற அமைச்சரின் கேள்விக்கு வருகிறேன். இது நம் வீடுகளிலும் கேட்கிற கேள்விதான், கேலி செய்யாமல் பதில் சொல்லலாம். எங்கள் பக்கம் மைன்ஸ் தூசியிலும் கல்குவாரியிலும் வேலை பார்த்தவர்களுக்குக் காசநோய் சாதாரணம். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும்போது ஆறு மாதம் ஒருநாள்கூட விடக்கூடாது என்று அடித்துச் சொல்வார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும் நம் ஆள் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூலிக்குப் போய்விடுவார். போகாமல் எப்படிச் சாப்பிடுவது? உள்ளே என்ன நடக்கிறது? கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டுக்குத் தற்செயலாக ஒரு மாற்றம் இருக்கும். அந்த மருந்து அதை எளிதில் கொல்லாது. மற்றதெல்லாம் செத்துவிட, மிச்சம் இருப்பது அது மட்டும். அதன் பிள்ளைகள்தான் இனி நுரையீரல் முழுக்க. அடுத்த முறை அதே மாத்திரை வேலை செய்யாது. மருந்து கிருமிக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. முன்பே இருந்த வேறுபாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது, அவ்வளவுதான். இயற்கைத் தேர்வு என்பது இதுதான். இதை நம் மக்கள் பார்த்திருக்கிறார்கள், தங்கள் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே. பத்தாம் வகுப்பில் இதைப் படித்த பிள்ளை அப்பாவிடம் மாத்திரையை ஏன் நிறுத்தக்கூடாது என்று சொல்லும். நீக்கிய பாடத்தின் விலை இப்படியும் வரும்.

மனிதன் விஷயத்துக்கும் சாட்சி உடம்புக்குள்ளேயே இருக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாவற்றுக்கும் 24 ஜோடிக் குரோமோசோம். நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போனது? நம் இரண்டாவது குரோமோசோமைப் பார்த்தால் இரண்டு பழைய குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தடம் நடுவில் அப்படியே இருக்கிறது. முனையில் மட்டும் இருக்க வேண்டிய எழுத்துவரிசை நடுவில் கிடக்கிறது. துணியில் ஒட்டுப்போட்ட இடம் தெரிவது போல.

இதுவரை டார்வினுக்காக வழக்காடினேன். இனி எனக்குக் கொஞ்சம் சங்கடமான பகுதி.

பிளஸ் டூ விலங்கியல் வகுப்பு. பள்ளியின் பெயர் வேண்டாம். ஆய்வகச் சுவரில் அந்தப் படம் தொங்கும். உங்கள் எல்லோருக்கும் தெரியும். இடது ஓரத்தில் குனிந்த குரங்கு, அடுத்து கொஞ்சம் நிமிர்ந்தது, அடுத்து இன்னும் நிமிர்ந்தது, வலது ஓரத்தில் நிமிர்ந்து நடக்கும் வெள்ளைக்கார ஆண். ஆசிரியர் குச்சியை எடுத்து இரண்டாவது உருவத்தைக் காட்டி, பிறகு மூன்றாவது பெஞ்சில் இருந்த என்னைக் காட்டினார். "இதோ, லைவ் ஸ்பெசிமென்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது? அந்த ஆண்டு முழுக்க என் பெயர் அதுதான். அவர் டார்வினை நீக்கவில்லை. பாடத்தை வரி விடாமல் நடத்தினார். இரண்டு வாரம் கழித்து, இதெல்லாம் பரீட்சைக்கு எழுதுங்கள், நம்ப வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

நெடுநாள் எனக்குப் பரிணாமம் என்றாலே அந்தக் குச்சிதான் நினைவுக்கு வரும். பிறகுதான் தெரிந்தது, அந்தப் படம் டார்வினுடையதே அல்ல. 1965இல் அமெரிக்காவில் ஒரு புத்தகத்துக்காக சாலிங்கர் என்ற ஓவியர் வரைந்த படத்தின் நகல்களின் நகல். டார்வின் 1859 புத்தகத்தில் ஒரே ஒரு படம்தான் போட்டார். அது கிளை பிரியும் ஒரு வரைபடம். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1837இல், தன் குறிப்பேட்டில் ஒரு சிறு மரத்தைக் கிறுக்கி வைத்திருந்தார். மரத்தில் மேல்கிளை உயர்ந்தது, கீழ்க்கிளை தாழ்ந்தது என்று உண்டா? இன்று உயிரோடு இருக்கும் எல்லாமே நுனித் தளிர்கள்தான். குரங்கு நமக்கு முந்திய படி அல்ல, பங்காளி. படிப்படியாக மேலே போகிற ஏணி டார்வினுக்கு முந்திய பழைய நினைப்பு. நம் நாட்டில் அந்த ஏணிக்கு வருணம் என்று பெயர். என் ஆசிரியர் சுவரில் இருந்த மரத்தைத் தன் மனதில் இருந்த ஏணியாக மாற்றிக்கொண்டார். உண்மையில் படமும் அவருக்கு உதவியது.

ஏணியைத் தூக்கிவந்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள் மட்டுமா? ஸ்கோப்ஸ் வழக்கை அறிவியலின் வீரகாவியமாகச் சொல்வோம். அவர் வகுப்பில் வைத்திருந்த ஹன்டரின் பாடநூலைப் புரட்டினால், மனிதரை ஐந்து இனமாகப் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்திருக்கிறது. 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்கிறது. அந்த 'இனமேம்பாட்டு' வாதத்துக்கு 1883இல் பெயர் சூட்டிய கால்டன் டார்வினின் உறவினர். டார்வினே 1871 நூலில் 'காட்டுமிராண்டி' இனங்கள் அழிந்துபோகும் என்று தன் காலத்து வெள்ளைக்காரராகத்தான் எழுதினார். இதையும் சேர்த்துத்தான் கற்பிக்க வேண்டும். நம் ஊரில் சாதிக்கு 'ரத்தத் தூய்மை' என்று விஞ்ஞான விளக்கம் கொடுத்தவர்களை அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் மடக்கினார். பஞ்சாப் பார்ப்பனரும் பஞ்சாப் சமாரும் ஒரே இனவழி, சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனவழி, பிறகு எந்த ரத்தத்தைக் காக்கிறீர்கள் என்று கேட்டார்.

அவர் 1916இல் கொலம்பியாவில், 25 வயதில், சாதியின் சாரம் அகமணம் என்று எழுதியது இப்போது மரபணுவில் படிக்கக் கிடைக்கிறது. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யும் ஹார்வர்டும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவில் ஏறத்தாழ எல்லாக் குழுக்களும் கலந்தன. பிறகு கலப்பு நின்றது. அதாவது தூய ரத்தம் யாரிடமும் இல்லை, கதவு பின்னால்தான் சாத்தப்பட்டது. சாத்தியவர்களுக்கும் தண்டனை உண்டு. ஆந்திர வைசியர்களில் குறிப்பிட்ட ஒரு நொதிக்குறைபாடு அதிகம். அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து அவர்களில் சிலருக்கு நீண்ட நேரம் இறங்காது. அதனால்தான் மயக்க மருத்துவர்கள் அந்தச் சமூகத்தவரிடம் கூடுதல் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். பரிணாமம் தெரியாத பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவீர்கள்? பத்தாம் வகுப்பில் 'மரபுவழி' மட்டும் மிச்சம் இருக்கிறது என்றேனே, அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மரபு உண்டு, மாற்றம் இல்லை, பொது மூதாதை இல்லை என்றால் அந்தப் பாடத்தைச் சாதிக்காரனும் ஆனந்தமாகப் படிப்பான். அப்பன் குணம் பிள்ளைக்கு என்பதைத்தானே அவனும் சொல்கிறான்.

சுமை என்ற சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2017இல் துருக்கியும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை நீக்கியது. மாணவர்களுக்கு இது புரியும் வயதில்லை என்றார்கள். வேறு மதம், வேறு நாடு, அதே பாசம்! நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கிறது. திருவக்கரை கல்மரங்கள்கூட அதில் வருகின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள், யாருக்கும் முதுகு ஒடியவில்லை. ஆனால் பாடம் இருக்கிறது என்று நாம் திருப்தியாக இருக்க முடியாது. என் கதையைத்தான் சொன்னேனே, குச்சி யார் கையில் இருக்கிறது என்பதும் பாடத்திட்டம்தான்.

குச்சி என்றதும் இன்னொரு கை நினைவுக்கு வருகிறது. டார்வின் எடின்பரோவில் மருத்துவம் படிக்கப்போய், பிடிக்காமல் அலைந்துகொண்டிருந்தபோது, 1826இல் ஒருவரிடம் காசு கொடுத்துப் பாடம் கற்றார். ஜான் எட்மன்ஸ்டோன். கயானாவில் அடிமையாக இருந்து விடுதலையான கறுப்பர். செத்த பறவையின் தோலை உரித்து, பஞ்சு அடைத்து, கெடாமல் பாடம் செய்யும் வேலை அவருடையது. அங்கே கற்ற தொழிலை வைத்துத்தான் டார்வின் பீகிள் கப்பலில் போய்ப் பறவைகளைச் சேகரித்தார். நம் நாட்டில் செத்த மாட்டின் தோலை உரித்த கைகளுக்கு உடற்கூறு தெரியும். எந்த நரம்பு எங்கே ஓடுகிறது, எந்த எலும்பு எதில் பொருந்துகிறது என்பது என் தாத்தாவுக்கு அத்துபடி. அவரிடம் பாடம் கேட்க எந்த மருத்துவ மாணவனும் வந்து உட்காரவில்லை. அவரைத் தொட்டால் தீட்டு, அவர் உரித்த தோலில் செய்த மிருதங்கம் மட்டும் சபைக்குப் போகும். இந்த நாட்டில் ஒரு டார்வின் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலில் பாதி இது.

அதற்காக நம் பக்கம் யாரும் முயலவில்லை என்றில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த நூலில் அறிவியலையும் புத்தரையும் சேர்த்தே வாசித்தார். 1948 பதிப்புக்கு அம்பேத்கர் முன்னுரை தந்தார். சாதியை ஆராய்ந்து தனி நூலும் எழுதியவர் அவர். சிங்காரவேலர் 1930களில் 'குடி அரசு' இதழில் அறிவியலை எளிய தமிழில் எழுதித் தள்ளினார். பாடநூல் கழகம் அச்சடிக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அக்கா மகளிடம் வருகிறேன். அந்தக் கல்லை அவளிடமே கொடுத்துவிட்டேன். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது என்னிடமிருந்த இன்னொன்று. போன மாதம் தொலைபேசியில் சொன்னாள்: கல்லைத் தோழி வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறாள். தோழி கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல இது ரோட்ல கிடக்குமா?" என்று கேட்டாளாம். பாட்டியும் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் தயங்கி, இது பூஜையில் வைத்த கல் இல்லையே என்று கேட்டுவிட்டு, கையை நீட்டி வாங்கிக்கொண்டாராம். எழுபது வயதில் முதல்முறையாக அந்தச் சுருளை விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். பிறகு அது நத்தையா, மீனா என்று கேட்டாராம். இவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "புக்ல இல்ல மாமா, நீங்க எழுதி அனுப்புங்க" என்றாள்.

எழுதி அனுப்பினேன். அதன் நகலைத்தான் துண்டறிக்கையாக வாசலில் வைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் சி.பி.எஸ்.இ.யில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் ஒன்று எடுத்துப்போங்கள். அடுத்த ஞாயிறு காலை காரை கிராமத்துப் பள்ளங்களுக்குப் போகிறோம், கடல் இருந்த இடத்தைப் பார்க்க. நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். கற்களைப் பார்க்கலாம், தொடலாம், எடுத்துவரக் கூடாது. கையிலிருக்கும் கல் எந்த வரிசையில் இருக்கிறது? முடிந்ததும் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.